கொல்லைப்புறக் கூடாரம்

ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட் செல்லும் பழைய சாலையில் செமோர் இருக்கிறது. கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர். அதில் 2,183 மீட்டர் உயரமுள்ள கோர்பு மலை பெரும்பாலான நாள்களில் மேகத்துக்குள் தலையை மறைத்துக்கொண்டு நிற்கும். பட்டணத்தைச் சுற்றி முன்பு ரப்பர் தோட்டங்களும் ஈயச் சுரங்கங்களும் இருந்தன. இன்று அந்த நிலங்கள் பல இடங்களில் செம்பனைக் காடுகளாகவும் தாமான்களாகவும் மாறிவிட்டன. இருப்பினும் தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்கள் இந்த வட்டாரத்தில் இன்னும் வாழ்கின்றன.

அப்படிப்பட்ட ஒரு வீட்டைக் கற்பனை செய்து பார்ப்போம். பாதி கல், பாதி பலகை, மேலே தகரக் கூரை. பின்புறம் ஒரு முருங்கை மரம், ஒரு கறிவேப்பிலைச் செடி, வேலியோரம் உயர்ந்து நிற்கும் டுரியான் மரம், நடுவே கொஞ்சம் புல்தரை. வெள்ளிக்கிழமை மாலை. இரண்டாம் படிவத்தில் படிக்கும் அக்காளும் நான்காம் ஆண்டில் படிக்கும் தம்பியும் அந்தப் புல்தரையில் பச்சைநிறக் கூடாரம் ஒன்றை விரித்துப் போட்டிருக்கிறார்கள். சாரணர் இயக்கத்தில் இருந்த மாமா கொடுத்தது. மறுநாள் பள்ளி இல்லை.

"அக்கா, ராத்திரி பாம்பு வந்தா?"

"ஜிப்பை இழுத்து மூடிட்டா எப்படிடா உள்ள வரும்?"

"மூட மறந்துட்டா?"

அக்காளிடம் அதற்குப் பதில் இல்லை. சமையலறை வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவர் பாட்டி. வயது எண்பதைத் தாண்டிவிட்டது.

"ஒழுகாத வீடு ஒன்னு இருக்கு. மெத்தை இருக்கு, காத்தாடி இருக்கு. அத விட்டுட்டு எதுக்கு வெளியில போய்ப் படுக்கணும்?" என்று அவர் கேட்டார்.

கேள்வி நியாயமானதுதான். பாட்டியின் தலைமுறைக்கும் அதற்கு முந்திய தலைமுறைக்கும் இரவில் வெளியே படுப்பது விளையாட்டாக இருந்ததில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவின் தோட்டங்களில் மலேரியாக் காய்ச்சல் ஏராளமானோரைக் கொன்றது. 'மலேரியா' என்ற சொல்லுக்கு இத்தாலிய மொழியில் 'கெட்ட காற்று' என்று பொருள். சதுப்பு நிலத்திலிருந்து எழும் இரவுக் காற்றே நோய்க்குக் காரணம் என்று மக்கள் நெடுங்காலம் நம்பினார்கள். 1897ஆம் ஆண்டில், இந்தியாவின் செகந்திராபாத்தில் பணியாற்றிய ரொனால்ட் ராஸ் என்ற மருத்துவர், நோய்க்கிருமி கொசுவின் உடலுக்குள் இருப்பதைக் கண்டறிந்தார். காற்று குற்றமற்றது, கொசுவே குற்றவாளி என்பது அதன்பின் தெளிவானது. 1901இல் கிள்ளானில் பணியேற்ற மருத்துவர் மால்கம் வாட்சன், சதுப்பு நீரை வடியச் செய்து அங்கே நோயைக் கட்டுப்படுத்தினார்.

ஆனால் மலைப்பாங்கான தோட்டங்களில் அந்த வழி பலிக்கவில்லை. அங்கே மலேரியாவைப் பரப்பிய கொசுவினம் தேங்கிய சேற்றுநீரைத் தேடுவதில்லை. வெயில் படும் தெளிந்த ஓடைநீரில்தான் அது முட்டையிடும். ரப்பர் நடுவதற்காகக் காட்டை அழித்தபோது, நிழலில் ஓடிக்கொண்டிருந்த சிற்றோடைகள் வெயிலுக்கு வந்தன. காட்டை வெட்டிய கைகளே தெரியாமல் கொசுவுக்குத் தொட்டில் கட்டிக் கொடுத்தன என்று சொல்லலாம். பின்னர் ஓடைநீரைத் தரைக்கடியில் குழாய் வைத்துக் கொண்டு செல்வது, நீர்ப்பரப்பில் எண்ணெய் தெளிப்பது போன்ற வழிகள் கையாளப்பட்டன. மலேரியாக் கொசு கடிப்பது இரவில். ஆகவே, வலையில்லாமல் திறந்தவெளியில் படுத்தவர் தம் உயிரைப் பணயம் வைத்தார்.

கொசுவின் அச்சம் தணிந்துவந்த காலத்தில் வேறோர் அச்சம் வந்தது. 1948 ஜூன் மாதத்தில், செமோருக்கு அண்டையிலுள்ள சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் ஐரோப்பியத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதையடுத்து மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அது 1960 வரை நீடித்தது. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுப் படையினருக்கு உணவும் உதவியும் கிடைக்காமல் தடுக்க, சிதறிக் கிடந்த குடியிருப்புகள் ஒன்றுசேர்க்கப்பட்டு முள்கம்பி வேலிக்குள் கொண்டுவரப்பட்டன. தோட்டத்து லயங்களும் இதற்கு விலக்கல்ல. இரவில் ஊரடங்கு. பாட்டி அப்போது சிறுமி.

"பொழுது சாஞ்சா கேட்டைப் பூட்டிடுவாங்க. வேலிக்கு வெளிய எது அசைஞ்சாலும் சுட்டுடுவான்னு எங்கம்மா சொல்லும். வெளக்க அணைச்சிட்டுச் சத்தம் போடாம கெடப்போம்," என்பார் அவர். அந்த ஊரில் இரவு என்பது கதவுக்கு அந்தப் பக்கம் இருந்த ஒன்று.

ஆனாலும் தோட்டத்து இரவு முழுவதும் அச்சமாகவே கழிந்துவிடவில்லை. அவசரகாலம் முடிந்த பின்னர், திடலில் வெள்ளைத் திரை கட்டிப் படம் காட்டும் இரவுகள் வந்தன. குடும்பம் குடும்பமாகப் பாயை எடுத்துக்கொண்டு போய் இடம் பிடிப்பார்கள். படம் பாதி ஓடுவதற்குள் பிள்ளைகள் உறங்கிவிடுவார்கள். கோயில் திருவிழாவிலும் அப்படித்தான். புழுக்கம் மிகுந்த நாள்களில் லயத்து அஞ்சடியில் பாய் விரித்துப் படுப்பதும் வழக்கமாக இருந்தது. ஒரு சிற்றறையில் ஒரு குடும்பமே படுக்க வேண்டிய நிலையில், பிள்ளைகள் வாசலுக்கு வருவதைத் தவிர வேறு வழியும் இல்லை. அது வசதிக்காகச் செய்ததன்று. ஆனால் அதில் ஒரு சுகம் இருந்தது என்பதை அந்தத் தலைமுறையினர் இன்றும் சொல்லக் கேட்கலாம்.

இன்றைய வீட்டில் இரும்புக் கம்பிக் கதவு இருக்கிறது. சன்னல் மூடியிருக்கிறது. அறைக்குள் குளிரூட்டி ஓடுகிறது. கைப்பேசியின் வெளிச்சம் முகத்தில் விழுகிறது. பதின்மூன்று வயது வரை ஒரே ஓர் இரவுகூட வீட்டுக்கு வெளியே கழிக்காத பிள்ளைகள் நம்மிடையே மிகப் பலர். அவர்களுக்கு இரவைப் பற்றித் தெரிந்ததெல்லாம் சன்னல் கண்ணாடியில் தெரியும் தங்கள் முகம்தான்.

கூடாரம் தமிழருக்குப் புதியதன்று. பத்துப்பாட்டு நூல்களுள் மிகச் சிறியதான முல்லைப்பாட்டில், போர்க்களம் சென்ற மன்னன் காட்டில் அமைத்த பாசறை விரிவாகக் காட்டப்படுகிறது. மன்னன் தங்கும் கூடாரத்தையும் அதைக் காத்து நிற்கும் யவனர்களையும் அதில் காணலாம். அந்தப் 'பாசறை' என்ற சொல்லைத்தான் இன்று மாணவர் பயிற்சி முகாம்களுக்கும் நாம் வைத்துக்கொண்டிருக்கிறோம். நம் வீட்டுப் பிள்ளைகளுக்குக் காவல் நிற்க யவனர் இல்லை, பாட்டி இருக்கிறார்.

இனி, அக்காளும் தம்பியும் கூடாரத்தை எங்கே அடித்தார்கள் என்று பார்ப்போம். முதலில் டுரியான் மரத்தடியைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். நிழலான இடம், வேலியும் அருகில். அப்பா வந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் மேலே கையைக் காட்டினார். பழுத்த டுரியான் இரவிலும் விடியற்காலையிலும் தானாகவே விழும். முள்ளோடு இரண்டு மூன்று கிலோ எடையுள்ள பழம் மரத்தின் உச்சியிலிருந்து விழுந்தால் கூடாரத் துணி அதைத் தாங்காது. தென்னை மரத்தடிக்கும் பட்டுப்போன கிளைகளையுடைய மரத்தடிக்கும் இதே விதிதான். மரத்தைவிட்டுத் தள்ளி, மழை பெய்தால் நீர் தேங்காத சற்று மேடான இடமே சரியானது.

அடுத்து, முளை அடிக்கும் வேலை. கிந்தா பள்ளத்தாக்கில் இதற்கென்றே ஒரு சிக்கல் உண்டு. ஈயம் எடுத்துவிட்டுக் கொட்டிய மணல் பரந்து கிடக்கும் நிலங்கள் இங்கே ஏராளம். அந்த மணலில் சிறிய முளைகள் நிற்பதில்லை. இழுத்தால் வெண்ணெயிலிருந்து கத்தி வருவதுபோல் வந்துவிடும். அங்கெல்லாம் சிறு சாக்குப்பைகளில் மணலை நிரப்பிக் கயிற்றை அதில் கட்டிவிடுவது நல்லது. இந்த வீட்டில் செம்மண். முளையை நேராக அடிக்காமல், அதன் தலை கூடாரத்துக்கு எதிர்ப்பக்கம் சாயும்படி அடித்தபோது அது கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

தரையில் விரிக்கும் நெகிழி விரிப்பு கூடாரத்தின் அளவைவிடச் சற்றுச் சிறியதாக இருக்க வேண்டும். தம்பி பெரியதாக விரித்திருந்தான். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஓரம் மழைநீரைப் பிடித்து அப்படியே படுக்கைக்கு அடியில் கொண்டுவந்து சேர்த்துவிடும். அக்காள் அதை மடித்து உள்ளே தள்ளினாள். மேலே மெங்குவாங் பாய், அதன்மேல் ஒரு போர்வை. தின்பண்டம் எதுவும் உள்ளே கொண்டுபோகவில்லை. ஒரு பிஸ்கட் துண்டு போதும், விடிவதற்குள் எறும்புப் படையே வந்துவிடும். கொசுவர்த்திச் சுருளையும் உள்ளே ஏற்றக் கூடாது. கூடாரத் துணி எளிதில் தீப்பிடிக்கும். அடைத்த இடத்தில் புகையும் கெடுதல். கொசுவைத் தடுக்க, வாசலில் தைத்திருக்கும் வலையே போதும். டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் பகலில், அதிலும் காலையிலும் பொழுது சாயும் நேரத்திலும் கடிக்கும். ஆகையால் மாலையில் கூடாரம் அடிக்கும்போதே முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்வது புத்திசாலித்தனம்.

இரவு ஒன்பது மணி. பகல் முழுவதும் வெயிலில் காய்ந்த கல்சுவர் தான் வாங்கிய வெப்பத்தை இப்போது வீட்டுக்குள் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கும். புல்தரையோ விரைவாகக் குளிர்ந்துவிடும். செமோர் வட்டாரத்தில் விடியற்காலை வெப்பநிலை 23, 24 பாகை செல்சியஸ் வரை இறங்கும். குளிரூட்டியில் பலர் வைத்துக்கொள்ளும் அளவும் ஏறத்தாழ அதுதான். மின்கட்டணம் மட்டும் இல்லை. கூடாரத்தின் வலைச் சன்னல்களைத் திறந்து வைத்தால்தான் இந்தச் சுகம் கிட்டும். எல்லாவற்றையும் இறுக மூடிவிட்டுப் படுப்பவர், காலையில் கூடாரத்தின் உட்பக்கம் நனைந்திருப்பதைக் கண்டு மழை ஒழுகிவிட்டது என்று எண்ணுவார். அது மழையன்று. உறங்குபவரின் மூச்சிலும் தோலிலும் இருந்து வெளியேறிய ஈரம், குளிர்ந்த துணியில் பட்டு நீராகப் படிந்தது.

முதல் அரைமணி நேரம் தம்பிக்கு எல்லாச் சத்தமும் பாம்பாகவே கேட்டது. முருங்கை இலை உதிர்ந்தாலும் பாம்பு, கோழி சிறகடித்தாலும் பாம்பு. அக்காள் ஒரு விளையாட்டைத் தொடங்கினாள். ஒவ்வொரு சத்தத்துக்கும் அது எதனுடையது என்று கண்டுபிடிக்க வேண்டும். கால்வாய் ஓரத்தில் மாடு கத்துவதுபோல் ஒலித்தது தவளை. 'டொக், டொக், டொக்' என்று யாரோ மரத்தைத் தட்டுவதுபோல் ஓயாமல் கேட்டது ஓர் இரவுப் பறவை. அது தரையில் முட்டையிடும். அந்தியில் பறந்து பூச்சிகளைப் பிடிக்கும். சுவரில் ஒலித்தது பல்லி. தொலைவில் நீளமாகக் கேட்டது சரக்கு ரயில். பெயர் தெரிந்த சத்தம் பயமுறுத்துவதில்லை. பத்துச் சத்தங்களுக்குப் பெயர் வைத்தபோது தம்பியின் பிடி அக்காளின் கையிலிருந்து தளர்ந்திருந்தது.

மேலே பார்த்தார்கள். பட்டண வெளிச்சம் தெற்கு வானத்தை வெளிறச் செய்திருந்தாலும் உச்சியில் விண்மீன்கள் தெரிந்தன. செமோர் நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில், ஏறத்தாழ வடக்கு 4.7 பாகையில் இருக்கிறது. அதனால் வட வானத்து விண்மீன்களையும் தென் வானத்து விண்மீன்களையும் ஒரே கொல்லைப்புறத்திலிருந்து காணும் பேறு நமக்கு உண்டு. இலண்டனில் இருப்பவர் தென்சிலுவையைக் காண முடியாது; நாமோ மே மாதத்தில் இரவு பத்து மணியளவில் தெற்கே திரும்பினால் போதும். பிப்ரவரித் தொடக்கத்தில் அதே நேரத்தில், ஒரே கோட்டில் நிற்கும் மூன்று விண்மீன்களும் அவற்றுக்கருகே செந்நிறமாய் ஒளிரும் திருவாதிரையும் ஏறத்தாழத் தலைக்கு மேலேயே நிற்கும். சற்று மேற்கே பார்த்தால் சிறு கொத்தாகக் கார்த்திகை. பஞ்சாங்கத்திலும் சாதகத்திலும் பெயராக மட்டுமே தெரிந்த நட்சத்திரங்கள் இவை. ஒரு மணி நேரத்தில் அவை 15 பாகை நகரும். கையை நேராக நீட்டி முட்டியை மடக்கினால் அதன் அகலம் சுமார் 10 பாகை. எனவே ஒன்றரை முட்டி தூரம். கடிகாரம் இல்லாமலே நேரம் போவதைப் பார்க்கலாம்.

பயம் என்று வரும்போது, ஒரு சிறுவனின் கதையை இங்கே சொல்லியாக வேண்டும். 2020 மார்ச் 18இல் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. எல்லாரும் வீட்டுக்குள் அடைந்தோம். அதே மாதம் 29ஆம் நாள், இங்கிலாந்தின் டெவன் பகுதியில் மேக்ஸ் வூசி என்ற பத்து வயதுச் சிறுவன் தன் வீட்டுத் தோட்டத்தில் கூடாரம் அடித்துப் படுத்தான். அந்தக் கூடாரத்தை அவனுக்குக் கொடுத்தவர் புற்றுநோயால் இறந்துபோன அண்டை வீட்டுக்காரர். கொடுக்கும்போது, இதை வைத்துக்கொண்டு ஏதாவது சாகசம் செய் என்று அவனிடம் உறுதி வாங்கியிருந்தார். அவரை இறுதிக் காலத்தில் பராமரித்த இல்லத்துக்கு நிதி திரட்டுவதற்காக மேக்ஸ் வெளியே உறங்கத் தொடங்கினான். சில நாள்களில் முடியும் என்று வீட்டார் நினைத்திருக்கலாம். மூன்று ஆண்டுகள் அவன் கட்டிலுக்குத் திரும்பவில்லை. பனியிலும் புயலிலும் கூடாரத்திலேயே உறங்கினான். பிரிட்டிஷ் பிரதமரின் அலுவலகத் தோட்டத்திலும் இலண்டன் விலங்குத் தோட்டத்திலும்கூட அவனுக்கு ஓர் இரவு இடம் கிடைத்தது. 2023இல் அவன் நிறுத்தியபோது திரட்டிய நிதி 7 இலட்சம் பவுனைத் தாண்டியிருந்தது. அவன் தொலைதூரக் காட்டுக்குப் போகவில்லை, மலை ஏறவில்லை. பெரும்பாலான இரவுகளில் அவன் இருந்தது சொந்த வீட்டுத் தோட்டத்தில்தான்.

வெளியே உறங்குவது உடலுக்கு என்ன செய்கிறது என்பதை ஆய்வாளர்கள் அளந்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கென்னத் ரைட்டும் அவருடைய குழுவினரும் எட்டுப் பேரை ஒரு வாரம் மலைப்பகுதியில் கூடாரத்தில் தங்கச் செய்தனர். கைவிளக்கு கூடாது, கைப்பேசி கூடாது. பகலில் வெயில், இரவில் நெருப்பின் ஒளி, அவ்வளவுதான். உறக்கத்துக்கு நேரம் வந்துவிட்டது என்று உடலுக்கு அறிவிக்கும் மெலட்டோனின் என்ற சுரப்பு, வீட்டில் இருந்ததைவிட ஏறத்தாழ இரண்டு மணி நேரம் முன்னதாகவே அவர்களிடம் சுரக்கத் தொடங்கியது. 2013இல் இந்த முடிவு வெளியானது. எட்டுப் பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். எனினும், நள்ளிரவு வரை உறக்கம் வரவில்லை என்று சொல்லும் மாணவர்கள், தூங்கப் போகுமுன் எந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

பால்வெட்டுத் தொழிலாளர்களுக்கு இந்த ஆய்வு புதுமையாகத் தோன்றாது. விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் ரப்பர்ப் பால் நன்றாக வடியும். வெயில் ஏற ஏறக் குறைந்துவிடும். எனவே இருட்டோடு எழுந்து, பெரட்டுக்குப் போய், தலைவிளக்கோடு நிரைக்குள் இறங்கியவர்கள் அவர்கள். பாட்டியும் அவர்களுள் ஒருவர். 1982 ஜனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் அரைமணி நேரம் முன்னால் நகர்த்தப்பட்டன. கடிகாரம் மாறியது, சூரியன் மாறவில்லை. மரமும் மாறவில்லை. "கடிகாரத்துக்கு என்னா தெரியும்?" என்பது அன்றுமுதல் பாட்டியின் வழக்கமான பேச்சு.

நள்ளிரவு தாண்டியதும் கோர்பு மலைப்பக்கம் ஒரு மின்னல் வெட்டியது. சமையலறை விளக்கு உடனே எரிந்தது.

"பிள்ளைங்களா, உள்ள வாங்க! மழ வருது!" பாட்டியின் குரல்.

"இருங்க பாட்டி, எண்ணிக்கிட்டிருக்கேன்!" என்றாள் அக்காள். மின்னலுக்கும் இடிக்கும் இடையில் எத்தனை விநாடி என்று எண்ண வேண்டும். ஒலி ஒரு கிலோமீட்டர் கடக்க ஏறக்குறைய மூன்று விநாடி ஆகும். முப்பது விநாடிக்குள் இடி கேட்டால் மின்னல் பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது. யோசிக்காமல் வீட்டுக்குள் ஓடிவிட வேண்டும். கூடாரம் மழையைத் தடுக்கும், மின்னலைத் தடுக்காது. இந்த ஒரு காரணத்துக்காகவே முதல் முறை வெளியே உறங்குபவர்களுக்குக் காட்டைவிடக் கொல்லைப்புறம் மேலானது. வீட்டுக் கதவு இருபது எட்டில் இருக்கிறது.

நாற்பது, நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு. எண்ணிக்கை நாற்பத்தைந்தைத் தொட்டபோது மிக மெல்லிய உறுமல் ஒன்று கேட்டது. பதினைந்து கிலோமீட்டர். அடுத்த மின்னல் இன்னும் வடக்கே தள்ளிப் போயிருந்தது. அதற்கடுத்த மின்னலுக்கு இடியே கேட்கவில்லை.

பாட்டி உள்ளே போகவில்லை. ஒரு கையில் கொசுவர்த்தித் தட்டையும் மறு கையில் பழைய பாயையும் எடுத்துக்கொண்டு வந்து கூடாரத்துக்கு நான்கடி தள்ளி விரித்து உட்கார்ந்தார். பிள்ளைகளுக்குத் துணையாக என்று சொன்னார். மேகம் விலகிய இடத்தில் விண்மீன்கள் மீண்டும் தெரிந்தன. அவர் வெகுநேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாட்டி, சின்ன வயசில இதெல்லாம் பார்த்திருக்கீங்களா?"

"பால்வெட்டுக்குப் போறப்ப வானம் மேலதான் இருந்துச்சு. நான் எங்க பார்த்தேன்? கண்ணு கோட்டு மேல இருக்கணும். கொஞ்சம் அசந்தா மரத்துல காயம் பட்டுடும், கங்காணி திட்டுவாரு."

அதன்பின் யாரும் பேசவில்லை. முதலில் உறங்கியவன் தம்பி.

நான்கரை மணிக்குப் பாட்டிக்கு வழக்கம்போல் விழிப்பு வந்துவிட்டது. தோட்டத்து வேலையை விட்டுப் பல ஆண்டுகள் ஆகியும் அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. புல்லில் பனி இறங்கியிருந்தது. குன்றுகள் இருந்த திசையில் மூடுபனி மட்டுமே தெரிந்தது. எங்கோ ஒரு குயில் விடிவதற்கு முன்பே கூவத் தொடங்கியிருந்தது. அவர் எழுந்து பாயை உதறிச் சுருட்டினார். அப்போதுதான் கவனித்தார். கூடாரத்தின் ஜிப் பாதி திறந்து கிடந்தது. தம்பியின் ஒரு கால் முழங்கால் வரை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பாட்டி குனிந்து அந்தக் காலை மெதுவாக உள்ளே தள்ளி, ஜிப்பை இழுத்து மூடிவிட்டு, காப்பிக்குத் தண்ணீர் வைக்கப் போனார்.